சிலை இருக்கும் கோயில், சிலை இல்லாத சபை: இரண்டும் ஒரே மதம்தானா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் காரைக்குடிக்காரர், சைவக் குடும்பம். அடுத்த மாதம் தேவகோட்டையில் கத்தோலிக்க நண்பர் ஒருவரின் மகளுக்குக் கோயிலில் கல்யாணம், வீட்டோடு போகிறார். இதற்கிடையில் வேறொரு கிறிஸ்தவ நண்பர் வீட்டு ஜெபக்கூட்டத்துக்குப் போயிருக்கிறார். அங்கே ஒருவர், "மாதா சிலைக்கு மாலை போடுவது விக்கிரக ஆராதனை, அவர்கள் உண்மையான கிறிஸ்தவர்களே அல்ல" என்றாராம். இவர் குழம்பிப்போய் மூன்று கேள்வி கேட்கிறார். இவர்கள் எல்லாரும் ஒரே மதம்தானா? பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்றால் மூன்று சாமியா? பூசையில் கொடுக்கும் அப்பத்தைப் பிரசாதம் போல எங்கள் ஆச்சி வாங்கிக்கொள்ளலாமா?

மூன்று கேள்விக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருப்பதாக எனக்குப் படுகிறது. நம்பிக்கை ஒன்றென்றால் வழிபாடு ஏன் இவ்வளவு மாறுகிறது? அதற்குத்தான் பதில் எழுதப் பார்க்கிறேன். நான் கத்தோலிக்கன். பங்கில் பல வருடங்களாக ஞாயிறு மறைக்கல்வி எடுக்கிறேன், இறையியலும் கொஞ்சம் முறையாகப் படித்தவன். மனைவி வீட்டார் சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபையார். அதனால் இந்த இரண்டு பக்கத்தையும் ஓரளவு உள்ளிருந்து பார்த்திருக்கிறேன். பெந்தகோஸ்தே சபைகள் ஒன்றுக்கொன்று நிறைய மாறுபடும். அவர்கள் சார்பில் பேசும் தகுதி எனக்கில்லை. அவர்களைப் பற்றி எழுதுவதை வெளியிலிருந்து பார்ப்பவனின் பேச்சாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மூன்று சாமி விஷயம். இல்லை, ஒரே கடவுள்தான். இதில் கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ., லுத்தரன், பெரும்பாலான பெந்தகோஸ்தே சபையார் எல்லாரும் ஒரே பக்கம். 325-இல் நிசேயாவிலும் 381-இல் கான்ஸ்டாண்டிநோபிளிலும் கூடிய ஆயர்களின் சங்கங்கள் வகுத்த விசுவாசப் பிரமாணத்தை, அதாவது நம்பிக்கை அறிக்கையைத்தான் கத்தோலிக்கக் கோயிலிலும் சி.எஸ்.ஐ. கோயிலிலும் இன்றும் எழுந்து நின்று சொல்கிறார்கள். மொழிநடை கொஞ்சம் மாறும், சரக்கு ஒன்றுதான். கடவுள் ஒருவர், அந்த ஒருவருக்குள்ளேயே தந்தை, மகன், தூய ஆவி என்ற மூவரின் உறவு இருக்கிறது என்பது அதன் சாரம். இதற்குத் தண்ணீர், பனிக்கட்டி, நீராவி என்று உவமை சொல்பவர்களை நீங்கள் சந்திப்பீர்கள். நம்பாதீர்கள். ஒரே கடவுள் மூன்று வேடம் போடுகிறார் என்ற அந்தக் கருத்தை 3-ஆம் நூற்றாண்டிலேயே சபெல்லியுஸ் என்பவர் சொல்ல, திருச்சபை அதைத் தள்ளிவிட்டது. இது முழுக்கப் புரியும் சங்கதி என்று எந்த நல்ல குருவும் சொல்ல மாட்டார். அறிவால் அளந்து முடிக்க முடியாத மறைபொருள் என்றுதான் ஒப்புக்கொள்வார்கள்.

அடுத்தது இயேசு. அவர் முழுக்கக் கடவுள், முழுக்க மனிதர், நமக்காகச் சிலுவையில் இறந்தார், மூன்றாம் நாள் உயிர்த்தார், திரும்ப வருவார். கிறிஸ்தவத்தின் உயிர்நாடி இதுதான், மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைத்தவை. இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். போந்தியு பிலாத்து யூதேயாவின் ஆளுநராக இருந்தது ஏறக்குறைய கி.பி. 26 முதல் 36 வரை. அவர் காலத்தில் இயேசு சிலுவையில் அறையப்பட்டதைக் கிறிஸ்தவர் அல்லாத வரலாற்றாசிரியர்களும் பொதுவாக ஏற்கிறார்கள். ரோமானியரான டாசிட்டஸ் எழுதிய வரலாற்றிலேயே அது இருக்கிறது. உயிர்த்தெழுந்தார் என்பது அப்படியல்ல, அது விசுவாசம். வரலாற்று ஆய்வால் அதை நிரூபிக்கவும் முடியாது, பொய்யாக்கவும் முடியாது என்பது என் கருத்து. அப்புறம், டிசம்பர் 25 என்ற தேதி பைபிளில் கிடையாது. அது ரோமாபுரியில் 4-ஆம் நூற்றாண்டில் கொண்டாட்டத்துக்கு வந்த நாள். பிறந்த தேதி தெரியாததால் யாருடைய விசுவாசமும் ஆட்டம் காண்பதில்லை.

சைவக் குடும்பத்திலிருந்து வரும் உங்களுக்கு, சிலையை விடவும் அந்நியமாகத் தெரிய வேண்டியது வேறொன்று என்று நினைக்கிறேன். கிறிஸ்தவத்தில் மறுபிறவி இல்லை. ஒரே பிறவி, ஒரே சாவு, அப்புறம் தீர்ப்பு, கடைசியில் உடலோடு உயிர்ப்பு. செய்த வினையைப் பிறவி பிறவியாக அனுபவித்துத் தீர்ப்பது என்ற கணக்கு இங்கே கிடையாது. மனிதன் தானாகத் தீர்க்க முடியாத கடனைக் கடவுளே இறங்கிவந்து தீர்த்தார் என்பதுதான் சொல்லப்படுவது. அந்த இரக்கத்தை மனிதன் எப்படிப் பெற்றுக்கொள்கிறான், விசுவாசம் மட்டும் போதுமா, அதில் நற்செயலுக்கு என்ன இடம் என்பதில்தான், 1517-இல் மார்ட்டின் லூத்தர் எதிர்ப்புக் கிளப்பிய பிறகு ஐரோப்பாவே இரண்டாகப் பிளந்தது. அவர் வழி வந்தவர்கள்தான் லுத்தரன் சபையார். அந்தச் சண்டையின் மையத்தில் பெரும்பகுதி இன்று தணிந்துவிட்டது. 1999 அக்டோபர் 31-ஆம் தேதி கத்தோலிக்கரும் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் ஒரு பொது அறிக்கையில் கையெழுத்துப் போட்டார்கள். மீட்பு கடவுளின் அருளால்தான், மனிதன் சம்பாதிப்பது அல்ல என்று இருவரும் சேர்ந்து சொல்லிவிட்டார்கள். நம் ஊர்ப் பக்கம் இந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

சரி, நம்பிக்கை இவ்வளவு ஒன்றாக இருந்தும் கோயிலுக்குள் போனால் ஏன் வேறு வேறாக இருக்கிறது? கடவுள் உடலெடுத்து வந்தார் என்பதில் எல்லாருக்கும் ஒப்புதல். உடலெடுத்தவர் இன்றைக்கும் பொருள்கள் வழியாக, அதாவது தண்ணீர், எண்ணெய், அப்பம், ரசம், மரம், கல் வழியாக நம்மைத் தொடுகிறாரா என்பதில்தான் பிரிகிறார்கள். கத்தோலிக்கர், "ஆமாம், தாராளமாக" என்கிறார்கள். லுத்தரனும் சி.எஸ்.ஐ.யும், "அவரே கட்டளையிட்ட ஒன்றிரண்டில் மட்டும்" என்கிறார்கள். பெந்தகோஸ்தேக்காரர்களில் பலர், "வசனமும் ஆவியும் போதும், பொருள் வெறும் அடையாளம்" என்பார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு எந்தக் கோயிலுக்குள் போனாலும் அங்கே நடப்பது பாதிக்கு மேல் விளங்கும்.

கத்தோலிக்கருக்கு அருட்சாதனங்கள், அதாவது கடவுளின் அருளைத் தரும் சடங்குகள், ஏழு. திருமுழுக்கு (ஞானஸ்நானம்), உறுதிபூசுதல், நற்கருணை (பூசையில் அப்பம் பெறுவது), ஒப்புரவு (பாவசங்கீர்த்தனம், அதாவது குருவிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது), நோயில் பூசுதல், குருத்துவம், திருமணம். எல்லாவற்றிலும் கையில் தொடுகிற ஒரு பொருளோ காதில் கேட்கிற ஒரு சொல்லோ உண்டு. இது போக மந்திரிப்பு. புதுவீட்டுக்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளிப்பார், வாங்கிய வண்டிக்குத் தெளிப்பார், ஜெபமாலையை மந்திரித்துத் தருவார். போன வருடத்துக் குருத்தோலையை எரித்த சாம்பலை விபூதிப் புதனன்று நெற்றியில் பூசுவார். சி.எஸ்.ஐ.யிலும் லுத்தரன் சபையிலும் அருட்சாதனம் என்று எண்ணுவது இரண்டு, ஞானஸ்நானமும் திருவிருந்தும் (அவர்கள் நற்கருணையைச் சொல்லும் பெயர்). என் மாமனார் வீட்டில் புதுமனை புகுந்தபோது ஆயர் வந்து வேதபாடம் வாசித்து ஜெபித்தார், கீர்த்தனை பாடினோம், காபி குடித்தோம். தண்ணீர் தெளிக்கும் பேச்சே இல்லை.

இப்போது சிலை. சிலை கூடாது என்பவர் பத்துக் கட்டளையைக் காட்டுவார். யாத்திராகமம் 20-இல் சொரூபம் செய்யாதே, வணங்காதே என்று தெளிவாக இருக்கிறது. ஐந்து அதிகாரம் தள்ளி, உடன்படிக்கைப் பெட்டியின் மேல் சிறகுள்ள இரண்டு கேருபீன்களை (வானதூதர் உருவங்களை)ப் பொன்னால் செய்து வை என்று அதே கடவுள் சொல்வதைக் கத்தோலிக்கர் காட்டுவார். இந்த வழக்கில் எனக்குப் பிடித்த சாட்சி வெண்கலப் பாம்பு. எண்ணாகமம் 21-இல் மோசே கடவுள் சொல்லியே வெண்கலத்தில் பாம்பு செய்து கம்பத்தில் ஏற்றுகிறார், அதை ஏறிட்டுப் பார்த்தவர்கள் பிழைக்கிறார்கள். பல நூற்றாண்டு கழித்து ஜனங்கள் அந்தப் பாம்புக்கே தூபம் காட்ட ஆரம்பித்ததும் எசேக்கியா ராஜா அதை உடைத்துப் போடுகிறார், அதையும் பைபிள் பாராட்டுகிறது. இரண்டு பக்கத்தாருக்கும் அந்த ஒரு பாம்பே போதும். உருவம் செய்வது தப்பில்லை, உருவத்தோடு நின்றுவிடுவது தப்பு. கத்தோலிக்கத் திருச்சபையின் அதிகாரபூர்வமான போதனையும் இதுதான். 787-இல் கூடிய இரண்டாம் நிசேயா சங்கம், ஆராதனை கடவுளுக்கு மட்டும், உருவத்துக்குச் செய்யும் வணக்கம் அந்த உருவம் காட்டும் ஆளுக்குப் போய்ச் சேரும் என்று தீர்த்துச் சொன்னது.

காதால் கேட்டே இதைச் சோதித்துப் பார்க்கலாம். கத்தோலிக்கர் மன்றாட்டு மாலை, அதாவது ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைக்கும் ஜெபம், சொல்லும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். கிறிஸ்துவை அழைக்கும்போது, "எங்கள்மேல் இரக்கமாயிரும்" என்பார்கள். மாதாவையோ புனிதர் அந்தோணியாரையோ அழைக்கும் இடம் வந்ததும் வாய் தானாக, "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று மாறிவிடும். எழுத்துத் தெரியாத பாட்டிகூட இதை மாற்றிச் சொல்ல மாட்டாள். ஆனால் ஜெபப் புத்தகத்தில் இருப்பது ஒன்று, ஜனங்களின் மனதில் ஓடுவது இன்னொன்று. அந்தோணியாரே நேராகச் செய்து தருவார், செய்யாவிட்டால் கோபித்துக்கொள்ளலாம் என்று நினைக்கும் கத்தோலிக்கர் நம் பக்கம் ஏராளம். பிரிந்துபோன சகோதரர்கள், அதாவது மற்றச் சபையார், கத்தோலிக்கரான எங்களைக் குறை சொல்லும்போது அதில் உண்மையே இல்லை என்று நான் வாதாட மாட்டேன். அதற்காக, "உண்மையான கிறிஸ்தவர்களே அல்ல" என்பது மிகை. ஒரு நடைமுறையைப் பாருங்கள். சி.எஸ்.ஐ. சபையிலோ லுத்தரன் சபையிலோ ஞானஸ்நானம் பெற்ற ஒருவர் கத்தோலிக்கராக வந்தால் அவருக்கு மறுபடி தண்ணீர் ஊற்றுவதில்லை. தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால் ஒருமுறை பெற்றது போதும், அது செல்லும். பெந்தகோஸ்தே சபைகள் பெரும்பாலும் குழந்தைக்குக் கொடுத்ததைக் கணக்கில் எடுப்பதில்லை. வளர்ந்தவர் தானே அறிக்கையிட்டு முழுக்குப் பெற வேண்டும் என்பார்கள். உங்களிடம் அப்படிச் சொன்னவர் அந்தக் கண்ணோட்டத்தில் பேசியிருக்கலாம்.

நம் சீமையில் இந்தச் சிலை, தேர் விஷயத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. லிஸ்பனில் 1647-இல் பிறந்த இயேசு சபைக் குரு அருளானந்தர், மறவர் நாட்டில் (இன்றைய ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம்) காவி உடுத்தி, புலால் தவிர்த்து, பண்டார சாமியாராக வாழ்ந்தவர். 1693 பிப்ரவரி 4, விபூதிப் புதன் அன்று ஓரியூரில் அவர் தலையை வெட்டினார்கள். ஞானஸ்நானம் பெற்ற மறவர் தலைவர் தடியத் தேவர் ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கியதும், அப்படி விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி மறவர் நாட்டு அரசரான சேதுபதியின் குடும்பத்துப் பெண்ணாக இருந்ததும் அதற்குக் காரணமாயின. 1947-இல் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது. இவ்வளவும் பதிவான வரலாறு. அவர் ரத்தம் விழுந்துதான் ஓரியூர் மண் சிவந்தது என்பது ஜனங்களின் பக்தி. அதை நம்பியாக வேண்டும் என்று திருச்சபை யாரையும் கட்டாயப்படுத்தியதில்லை. நம்பிக்கையோடு அந்தச் செம்மண்ணை மடித்து எடுத்துப் போகிறவர்களில் இந்துக்களும் நிறைய. சருகணிக் கத்தோலிக்கக் கோயிலின் தேரைப் பார்த்தால், சக்கரமும் வடமும் சிவன் கோயில் தேரைப் போலவே இருக்கும். மருது சகோதரர்கள் அந்தக் கோயிலுக்குக் கொடை கொடுத்ததாக ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். மானாமதுரைப் பக்கம் இடைக்காட்டூரில் 1894-இல் எழுந்த திரு இருதய ஆலயமோ பிரான்ஸின் ரீம்ஸ் பேராலயத்தை மனதில் வைத்துக் கட்டியது. ஒரே மறைமாவட்டத்துக்குள் ஒரு பக்கம் பிரெஞ்சுக் கோபுரம், இன்னொரு பக்கம் தமிழ்த் தேர். தேர், மாலை, கொடியேற்றம், மொட்டை எல்லாம் ஊர் வழக்கம். விசுவாசப் பிரமாணத்தில் அவற்றுக்கு இடமில்லை. நாளைக்கே தேர் நின்றுபோனாலும் கத்தோலிக்க விசுவாசத்தில் ஒரு வரி குறையாது. ஊரில் சண்டை மட்டும் வரும்.

அடுத்தது அப்பம். உங்கள் ஆச்சியின் கேள்விதான் மூன்றிலும் கனமானது. கத்தோலிக்கப் பூசையில் கொடுப்பது கோதுமை மாவும் தண்ணீரும் மட்டும் சேர்த்து, புளிக்கவிடாமல் சுட்ட மெல்லிய வட்டத் தகடு. நாணயத்தைவிடச் சற்றே பெரிது, பெரும்பாலும் நடுவில் சிலுவை அச்சு இருக்கும். நாக்கில் வைத்தால் ருசி என்று ஒன்றும் தெரியாது. குரு கிறிஸ்துவின் வார்த்தைகளைச் சொன்னதும் அப்பத்தின் தோற்றம், ருசி, எடை அப்படியே இருக்க, உள்ளபடி அது கிறிஸ்துவின் உடலாகிவிடுகிறது என்பது கத்தோலிக்க விசுவாசம். லுத்தரன் சபையார், அப்பம் அப்பமாகவே இருக்க அதனோடு கிறிஸ்து மெய்யாகவே இருக்கிறார் என்பார்கள். சி.எஸ்.ஐ.க்குள் இதில் பல கருத்து உண்டு. அந்தச் சபையே 1947-இல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன் உள்ளிட்ட பல மரபுகள் சேர்ந்து உருவானது. பெந்தகோஸ்தே சபைகளில் பெரும்பாலும் இது நினைவுகூரல்.

இந்த வேறுபாட்டைப் புத்தகத்தில் தேட வேண்டாம், கல்யாணத்தன்றே கண்ணால் பார்க்கலாம். நற்கருணை கொடுத்து முடித்ததும் குரு பீடத்துக்குத் திரும்பி, தட்டில் ஒட்டியிருக்கும் துகளை ஒரு சிறு துணியால் கிண்ணத்துக்குள் வழிப்பார். கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி அலசி, அந்தத் தண்ணீரையும் தானே குடித்துவிடுவார். மிச்ச அப்பத்தைப் பீடத்தின் பின்னாலோ பக்கத்திலோ உள்ள பேழையில் வைத்துப் பூட்டுவார். அதன் அருகில் இரவும் பகலும் ஒரு சின்ன விளக்கு எரியும். கத்தோலிக்கர் கோயிலுக்குள் நுழைந்ததும் முழங்கால் மடக்குவது அந்தப் பேழையை நோக்கித்தான், சிலையை நோக்கி அல்ல. வெறும் அடையாளம் என்று நினைக்கிறவன் துகளுக்கு இவ்வளவு கவலைப்பட மாட்டான்.

அதனால்தான் ஆச்சி அதை வாங்கக் கூடாது. பிரசாதம் வருகிறவர் எல்லாருக்கும், கேட்காமலே கையில் விழும். நற்கருணை அப்படியல்ல. திருமுழுக்குப் பெற்று, இது கிறிஸ்துவின் உடல் என்று நம்பி, பெரும் பாவம் இருந்தால் பாவசங்கீர்த்தனம் செய்து, ஒரு மணி நேரமாவது எதுவும் சாப்பிடாமல் இருந்த கத்தோலிக்கருக்கு உரியது அது. என் மனைவி கல்யாணத்துக்கு முன்பு எங்கள் கோயிலுக்கு வந்த நாட்களில் வரிசைக்குப் போனதில்லை. வாங்காமல் உட்கார்ந்திருப்பதை யாரும் அவமரியாதையாக நினைக்க மாட்டார்கள். கத்தோலிக்கரிலேயே சிலர் உட்கார்ந்துதான் இருப்பார்கள். தெரியாமல் வாங்கிவிட்டால் பயப்படவும் வேண்டாம். அங்கேயே வாயில் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். முந்தானையில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவருவதுதான் கத்தோலிக்கர் மனதை உண்மையிலேயே நோகடிக்கும்.

கல்யாணத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. அதற்கு முன்பே மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசித்திருப்பார்கள், யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் சொல்வதற்காக. நம் ஊரில் தாலி கட்டுவார்கள், குரு அதை மந்திரித்துக் கொடுப்பார். ஆனால் திருச்சபைச் சட்டப்படி கல்யாணம் நடப்பது மாப்பிள்ளையும் பெண்ணும் வாய்விட்டுச் சம்மதம் சொல்லும் அந்த நொடியில்தான். நாதஸ்வரமும் கெட்டிமேளமும் தாலிக்குத்தான் முழங்கும் என்பதால் சம்மதம் பலர் காதில் விழாமலே போய்விடும். முன்னால் இடம் பிடித்தால் கேட்கலாம். நம் பக்கத்துக் கத்தோலிக்கர் பின்பற்றும் லத்தீன் மரபில் கல்யாணம் செய்துவைப்பவர் குரு அல்ல, மணமக்கள் ஒருவருக்கொருவர் செய்துகொள்கிறார்கள். குரு திருச்சபையின் சாட்சி.

அப்புறம், செருப்பு. கிராமத்துக் கோயில் என்றால் வாசலிலேயே விடுவார்கள், ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்காருவதும் உண்டு. டவுன் கோயிலில் மற்றவர்களைப் பார்த்துச் செய்யுங்கள். எல்லாரும் எழும்போது நீங்களும் எழுந்தால் போதும், முழங்கால் போட வேண்டியதில்லை, சிலுவை போட வேண்டியதில்லை. ஆச்சிக்கு முழங்கால் வலி இருந்தால் கடைசி வரை பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கட்டும். நெற்றியில் திருநீறு இருப்பதைப் பற்றி யாரும் கவலைப்பட மாட்டார்கள். காணிக்கைத் தட்டு வந்தால் இஷ்டமிருந்தால் போடலாம், மொய் வழக்கம்போல மண்டபத்தில்.